தைராய்டை எடுத்தால் காணாக்கடி போகுமா?

மெடிக்கல் கடைக் கவுன்டரில் நிற்பவளுக்கு நோய் வந்துவிட்டால், அன்று முதல் மருந்து வாங்க வருகிறவர்கள் எல்லாரும் வைத்தியர்கள். தென்காசியில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறேன். அதில் ஐந்து வருடம் காணாக்கடி; காரணமே தெரியாமல் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. போதாக்குறைக்குக் கழுத்தில் தைராய்டு வீக்கம். கழுத்தையும் கையையும் மாறி மாறித் தடவிக்கொண்டு வாழும் என் இனத்தாருக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கே கேட்காத மருந்து

சிவகிரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் அரிப்புக்கு மாத்திரை கேட்டார். "இது நல்லாக் கேக்கும் அண்ணாச்சி" என்று நீட்டினேன். நீட்டிய கையை மற்ற கை சொறிந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் பார்த்தார். "ஒனக்கே கேக்கல, எனக்கு எப்படிக் கேக்கும்? வேற கடை பாக்கேன் தாயி."

முதலாளியின் தீர்ப்பு

வீக்கம் பெருத்து, சோறு விழுங்க முடியாமல் போனது. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைப் பகையாளி என்று நினைத்து அடிக்கிறதாம். காணாக்கடிக்கும் அதுவே காரணமாக இருக்கலாமாம். "வீக்கத்துக்காக எடுத்துத்தான் ஆகணும். அரிப்பு குறையலாம், குறையாமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

ஒரு வாரம் இருப்புக்கொள்ளவில்லை. கழுத்தைக் கொடுத்த பிறகும் சொறிந்துகொண்டே இருந்தால்? உட்கார்ந்தேன், எழுந்தேன், கேட்ட மருந்தை விட்டு வேறு மருந்தை எடுத்தேன். கடை முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதிராளியே இல்லன்னா அவன் யாருகிட்ட போயி மோதுவான்? எடுத்துரு தாயி."

தழும்பு

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் வாரம் கடைக்கு வந்துவிட்டேன். பாவூர்சத்திரத்தில் காய்கறி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் என் கழுத்துத் தழும்பைப் பார்த்து அப்படியே நின்றார். ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டை கரகரத்ததில் என் விளக்கம் அவருக்கு எட்டவில்லை. "செயினை அத்துட்டுப் போயிட்டானாக்கும்? கழுத்து தப்பிச்சதே பெருசு. வண்டி நம்பரைப் பாத்தியா?"

காலைக் கவர்

எங்கள் கடையில் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று தனித்தனிக் கவரில் போட்டுக் கொடுப்போம். கைப்பழக்கத்தில், எடுத்த தைராய்டுக்கு ஈடாக எனக்கு எழுதிய தைராய்டு மாத்திரையையும் கூடவே கொடுத்த கால்சியத்தையும் ஒரே காலைக் கவரில் போட்டுக்கொண்டேன். இரண்டு மாதமாகியும் அரிப்பு போகவில்லை. புதிதாக அசதி வேறு, முடி வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ரத்தம் சோதித்துப் பார்த்தால், தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேரவே இல்லை. வெட்டியது வீண்தான் என்று கவுன்டருக்குக் கீழே குனிந்து அழுதேன்.

மறுநாள் கடை திறந்ததும் இரண்டையும் சேர்த்து வாயில் போட்டேன். குற்றாலத்தில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் செல்லம்மாக்கா எதிரே நின்றாள். அவளும் தைராய்டுக்காரிதான். "ஏட்டி, கால்சியத்தை நாலு மணி நேரம் தள்ளிப் போடணும்னு என் கவர்ல நீதானே எழுதுனே? ஒன் கவர்ல யாரு வந்து எழுதணும்?"

ஐந்தருவி

தள்ளிப் போட்டேன். அசதி போனது. மாதங்கள் போகப் போக, ரத்தத்தில் தைராய்டை அடித்துக்கொண்டிருந்த ஆன்டிபாடியும் இறங்கியது. அரிப்போடு கூடவே வந்த விரல் மூட்டு வலி மட்டும் அசையவில்லை. ஆனால் தடிப்பு வருவது குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தடிக்கும் என்று ஐந்து வருடமாக அருவிப் பக்கம் போகாதவள் நான். குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கியதும் செல்லம்மாக்கா என்னை ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

குளித்துவிட்டு வெளியே வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலைப் பார்த்தேன். முதுகை அவளைப் பார்க்கச் சொன்னேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை முட்டியது. அக்கா துண்டைத் தூக்கி என் தலையில் போட்டாள். "ஒண்ணும் இல்லட்டி. தேடித் தேடியே வர வச்சிராத, தலையத் துவட்டு."

சொறிய ஒன்றுமில்லாத இந்த இரண்டு கைகளையும் நாளெல்லாம் எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் இப்போது எனக்கு மருந்தில்லாத உபாதை.