வெளிக்குப் போகாத நாய்க்குட்டி

ஒரு நாய்க்குட்டி வெடித்துச் சாகும் என்று ஒரு கிழமை முழுவதும் நம்பியவன் நான். சிரிக்க வேண்டாம். அப்போது நான் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளுக்கு உடற்கூறும் படிப்பித்தேன்.

இது இன்று காலை ஏன் நினைவுக்கு வந்தது என்றால், எங்கள் கொழும்பு ஒழுங்கையில் முன்வீட்டுக்காரர் நாயைச் சங்கிலியில் பிடித்தபடி அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு நாளாப் போகேல்லை, மாஸ்டர்" என்றார். முகத்தில் அப்படி ஒரு துயரம். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான்தான்.

கலியாணம் முடித்து உடுவிலில் மனைவியின் சீதன வீட்டுக்குக் குடிபோன புதிது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போகிறவன். நான் பெட்டியோடு, நெல்லியடியிலிருந்து பனையோலைக் கடகத்தில் ஒரு நாய்க்குட்டியும் கொண்டு போனேன். புது இடத்தில் புது மாப்பிள்ளைக்கு வரும் முதல் சங்கடம் என்னவென்று உங்களுக்கும் தெரியும், யாரிடம் கேட்பது? காலையில் செம்பும் கையுமாக முற்றத்தில் நான் முழித்துக்கொண்டு நிற்க, மனைவியின் தகப்பன், மாமா, நாடியால் பின்பக்கப் பனங்கூடலைக் காட்டினார். என் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. குட்டியின் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

"இஞ்சாருங்கோ, முத்தத்திலை ஒண்டு கண்டாலும் உது திரும்ப நெல்லியடிக்குத்தான், சொல்லிப்போட்டன்" என்றாள் மனைவி. முற்றம் கூட்டுகிறவள் அவள், நியாயம்தான். ஆனால் முற்றத்தில் ஒன்றும் இல்லை. வீட்டுப் பின்கோடியில் இல்லை. கிணற்றடியில் இல்லை. முதல் இரண்டு நாளும் என் குட்டியின் குலப்பெருமையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மூன்றாம் நாள்தான் மண்டையில் உறைத்தது. இது சாப்பிடுகிறதே! குரக்கன் பிட்டு, மீன்தலை, மாமி இரக்கப்பட்டு ஊற்றும் பால், என் பாட்டாச் செருப்பின் வார் ஒன்று. எல்லாம் உள்ளே போனதைக் கண்டேன். ஒன்றாவது வெளியே வந்ததைக் காணவில்லை. வாசல் என்று ஒன்று இருக்கிறதா என்று வாலைத் தூக்கியும் பார்த்தேன். இருந்தது. அதன் பிறகுதான் பயம் கூடியது.

பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் குட்டியை மடியில் மல்லாத்தி வயிற்றைத் தட்டிப் பார்ப்பேன். மேளம் மாதிரிக் கேட்கும். வெறும் வயிற்றையும் தட்டிப் பார்த்தால் அப்படித்தான் கேட்கும் என்று யோசிக்க எனக்குப் புத்தி வரவில்லை.

மாமா மலாயாவில் றெயில்வேயில் இருந்து பென்ஷனில் வந்தவர். அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் பக்கத்து வளவு வேலியைக் காப்பது. பக்கத்து வளவு பெரியையாவுடையது. அவர் மாமாவின் சகலன். மாமியின் தமக்கையை முடித்தவர். ஒரே சீதனக் காணியை இரண்டு சகோதரிகளுக்கும் பிரித்துக் கொடுத்து நடுவில் போட்ட வேலி அது. வருடாவருடம் வேலி அடைக்கும்போது நடுகிற கதியால் தடி ஒரு விரல் இந்தப் பக்கம் வந்தது, ஒரு விரல் அந்தப் பக்கம் போனது என்று இரண்டு ஆண்களுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. பெண்கள் இருவருக்கும் அது செல்லாது. வேலியில் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு, அதாவது ஓர் ஓட்டை, வைத்து, அதனூடே கறியும் கதையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சில்லை என்றால் திட்டு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரியையா தன் பசுவோடு கதைப்பார். மாமா எங்கள் வீட்டுக் காகத்தோடு கதைப்பார். அந்தக் கிழமை பெரியையாவின் குரல் வேலிக்கு மேலால் வந்தது.

"கேட்டியேடி லட்சுமி, எங்கடை புகையிலைக் கண்டுக்கு எரு காணாதெண்டு சிலருக்குக் கவலை. நாய்ப்பீயை அள்ளி வேலியாலை எறியினம். ஆளைக் கையும் மெய்யுமாப் பிடிக்கிறன், பொறு."

மாமா காகத்தைப் பார்த்தார். "ஏய் காகம், எங்கடை வளவு நாய் ஒரு கிழமையா வெளிக்குப் போகேல்லை. சந்தேகமெண்டால் மருமேனைக் கேக்கச் சொல்லு."

நான் ஓடிப்போய் வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் சத்தியம் பண்ணினேன். "ஓம் பெரியையா! ஒரு சொட்டும் போகேல்லை!" பெரியையா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மாமா, குட்டிக்கு ஆமணக்கெண்ணெய் பருக்கட்டோ?" என்று அன்று பின்னேரம் கேட்டேன்.

"சும்மா இரும் தம்பி. உது சாகாது."

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"மலாயாவிலை எத்தினை நாயைப் பாத்தனான்! எண்ணெய் கிண்ணெய் ஒண்டும் வேண்டாம், சொல்லிப்போட்டன்."

கல்நெஞ்சு மனிசன் என்று மனதுக்குள் திட்டினேன். அவர் சந்திக்குப் பேப்பர் பார்க்கப் போன நேரம், குட்டியின் வாயைப் பிளந்து அரைச் சிரட்டை எண்ணெயை ஊற்றிவிட்டேன். அது என்னை ஒரு பார்வை பார்த்தது.

விடியப்புறம் வேலிப் பக்கம் "ஐயோ!" என்று ஓர் அலறல். குட்டி வெடித்துவிட்டது என்று எண்ணி, இடுப்புச் சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி ஓடினேன்.

குட்டி வெடிக்கவில்லை. வெடித்ததற்கும் குறைவில்லை. பொட்டுக்குள் ஒரு கால், வெளியே ஒரு காலாக மாமா நின்றார். நீட்டிய இரண்டு கையிலும் குட்டி. மாமாவின் நெஞ்சிலிருந்து வேட்டிக் கரை வரை என் வைத்தியம் பலித்திருந்தது. அந்தப் பக்கம், ஆளைப் பிடிக்க லட்சுமிக்குப் பின்னால் பதுங்கியிருந்த பெரியையா பொல்லோடு எழும்பி நின்றார். பொல்லு கீழே விழுந்தது. அவர் பசுவைப் பார்க்கவில்லை. நேரே மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, முதல்லை உந்த வேட்டியை உரிஞ்சு எறிஞ்சுபோட்டுக் கிணத்தடிக்கு ஓடு."

"ஓம் அண்ணை" என்றார் மாமா. ஓடினார்.

அத்தோடு இருவரும் ஒற்றுமையானார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த வேலியடைப்போடு லட்சுமியும் காகமும் மறுபடி வேலைக்கு வந்துவிட்டன. பிறகு அந்த வளவுகள் கை மாறின. வேலி நின்ற இடத்தில் இப்போது ஆள் உயர மதில், பொட்டு இல்லை. இரண்டு பக்கத்தாரும் மரியாதையாக, நேருக்கு நேர் வணக்கம் சொல்கிறார்கள். பசுவோடு கதைத்து மனிதனைத் திட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். குட்டி சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் மாமா அதைத் தூக்கிக்கொண்டு போய், பொட்டால் பெரியையாவின் புகையிலைக்குள் விட்டு, அலுவல் முடிந்ததும் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறார். குட்டிக்கு ஒரு நாளும் மலச்சிக்கல் இருந்ததில்லை.