இருபத்தொன்பதும் கறுப்பும்

கடலோர நகரமான மாந்தோனின் பழைய ஊரில் லூசியேன் ஒரெங்கோவைப் போல இஸ்திரி போட இன்னொரு ஆள் கிடையாது. ஓட்டல் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் தங்கிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவள் செவ்வாயும் வெள்ளியும் மதியம் மூன்று மணிக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு கடற்கரை காசினோவுக்குப் போவாள் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எங்களுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பாதி ஊர் போகிறது.

சக்கரத்தில் ஓடுகிற குண்டு எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பந்தயம் கட்டுகிற ரூலெட்டை அவள் ஆடுவதும் இஸ்திரி போடுகிற மாதிரிதான். பத்து பிராங்க் சில்லு ஒன்று, எப்போதும் கறுப்பில். பதினெட்டு எண் கறுப்பு, பதினெட்டு எண் சிவப்பு. வந்தால் ஒன்றுக்கு ஒன்று. மூன்று தடவை ஜெயித்தாலும் எழுந்துவிடுவாள், மூன்று தடவை தோற்றாலும் எழுந்துவிடுவாள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுகிற ரகம்.

அவள் புருஷன் அன்செல்ம், குழாய் வேலைக்காரன், வந்தால் மலை போனால் மயிர் என்கிற ரகம். முப்பத்தேழு எண்ணில் ஒரே ஒரு எண், இருபத்தொன்பது. கையில் இருக்கிற சில்லெல்லாம் அதன் தலையில்தான். வந்தால் ஒன்றுக்கு முப்பத்தைந்து. வந்ததும் உண்டு. வந்த அன்று தெருவே அவன் செலவில் குடிக்கும். மறுவாரமே அவன் சட்டைப்பை பழையபடி காலி. ஏன் அந்த எண் என்று கேட்டால், "யாருமே அதுல வைக்க மாட்டேங்கறாங்க, பாவம்" என்பான்.

இப்படி இரண்டு பேர் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தார்கள். சண்டை வராத நாள் குறைவு, சேர்ந்து திரும்பி வராத நாள் ஒன்றுகூட இல்லை.

அந்த அக்டோபரில் அன்செல்முக்கு இதயம் மக்கர் செய்தது. வீடு நான்காவது மாடியில். படி இறங்கினால் திரும்ப ஏறுவது நிச்சயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடியே ஆள் பாதியாகிவிட்டான். முதல் செவ்வாய்க்கிழமை அவள் தொப்பியை எடுத்தபோது பத்து பிராங்கை நீட்டினான்.

"இருபத்தொன்பதுல வை, லூசி. ஒரே தடவை. நீ கிளம்பினா எனக்கு நேரம் போயிடும். வருமா வராதான்னு உட்கார்ந்திருப்பேன்."

"டாக்டர் படபடப்பு கூடாதுன்னாரு."

"இந்தப் படபடப்புலதான் உசிரே ஓடுது. போ."

வைக்கத்தான் போனாள். சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான் போனாள். ஆனால் இருபத்தொன்பது வரை போன கை அங்கே சில்லை விடமாட்டேன் என்றது. முப்பத்தாறு வழியில் போகும், ஒரே வழியில் வரும். அதில் காசு வைக்கக் கைக்குப் பழக்கமில்லை. கை திரும்பிவந்து கறுப்பில் வைத்தது. இருபத்தொன்பதும் கறுப்புதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "வரலை" என்றாள். அது பொய்யில்லை, எண் வரவில்லைதான். அடுத்தடுத்த தடவைகளிலும் இதே கதைதான். கறுப்பு வந்த நாட்களில் கிடைத்ததை பிஸ்கட் டப்பாவில் போட்டாள், அவன் மருந்துக்கு ஆகும் என்று. அன்செல்ம் சிரிப்பான். "வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்பான். அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் அவன் மாத்திரையை விழுங்கினான், சூப்பைக் குடித்தான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ராய்மோன் சக்கரத்தைச் சுற்றினான். அவர்கள் மேசையில் பல வருஷமாக இருக்கிற ஊழியன் அவன். "இனி வைக்கக் கூடாது" என்றான். வெள்ளைக் குண்டு தத்தித் தத்தி விழுந்தது.

"இருபத்தொன்பது. கறுப்பு."

அந்த எண்ணில் ஒருவரும் வைத்திருக்கவில்லை. கறுப்பில் வைத்ததும் ஜெயித்ததுமாக லூசியேன் முன்னால் இரண்டு சில்லு வந்து சேர்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மதாம் ஒரெங்கோ, ஜெயிச்சுட்டு இப்படி முழிக்கிறீங்க?" என்றான் ராய்மோன்.

அவள் எழுந்துவிட்டாள். வழியெல்லாம் யோசித்தாள். 'வரலை' என்று இன்றைக்கும் சொல்லிவிடலாம். அவள் மனசு ஒப்பவில்லை. வந்ததை அவனுக்குச் சொல்லியே ஆகவேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போய் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள், போதாததற்குத் தன் இஸ்திரிக் கூலியைச் சேர்த்தாள். வைத்த பத்தும் வந்த முன்னூற்றைம்பதுமாக எண்ணி எடுத்துக்கொண்டு போய் அவன் மடியில் வைத்தாள்.

"வந்துடுச்சு, அன்செல்ம்."

அவன் முகத்தில் அவள் எதற்காக அவனைக் கட்டிக்கொண்டாளோ அது திரும்பி வந்தது. கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

"யாரு சுத்தினா?"

"ராய்மோன்."

"தெரியும் எனக்கு, அவன் கைதான். வேற யாராவது வச்சிருந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

"பாத்தியா, நான் சொல்லல?" கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டுகளை எண்ணினான். ஒருமுறை எண்ணி, மறுபடி எண்ணினான். "முன்னூத்தி அறுபது இருக்கே, லூசி."

"இருக்காம?"

"ஒண்ணை அவங்களுக்குக் கொடுக்கலையா?"

ஒற்றை எண்ணில் ஜெயித்தவர் ஒரு சில்லை மேசை ஊழியர்களுக்கு என்று தள்ளுவதும், அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் நன்றி சொல்வதும் அவள் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனால் கறுப்பில் வைக்கிறவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை. பிறத்தியார் கை செய்ததே தவிர அவள் கை ஒருநாளும் செய்ததில்லை.

"மறந்துட்டேன்" என்றாள்.

"நீ மறந்தாலும் ராய்மோன் மறக்க விடுவானா? அந்த நன்றியைச் சொல்ல அவனுங்க வாயைத் திறந்து வச்சுக்கிட்டு நிப்பானுங்களே." அவன் குரலில் கோபமே இல்லை. "எங்க வச்ச?"

"கறுப்புல."

"இன்னிக்கு மட்டுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அக்டோபர்லேர்ந்து."

அவன் நோட்டுகளை ஒன்றாக அடுக்கினான்.

"வந்ததாவது நிஜமா?"

"வந்தது நிஜம். என் கண்ணால பார்த்தேன்."

"வந்திருக்கு," என்றான் அன்செல்ம். "அங்க நம்ம ஆள் ஒருத்தரும் இல்ல."

திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவன் திட்டவில்லை. பணத்தை அவள் மடியிலேயே திருப்பி வைத்தான். இரவு சூப்பைப் பாதியில் வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். அவன் கை நீளவில்லை.

"கொடு, அன்செல்ம். இன்னிக்கு சத்தியமா அதுலயே வைக்கிறேன்."

"வேணாம், லூசி. நீ போய் உன்னோடதை ஆடு."

"நான் வச்சாலும் நீ நம்ப மாட்டே, அப்படித்தானே?"

"நம்புவேன். ஆனா காத்துக்கிட்டு இருக்கத் தோணலை" என்றான். அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு அவன் பத்தொன்பது நாள் இருந்தான். அதில் ஒரு நாளாவது, 'வெள்ளிக்கிழமை பார்ப்போம்' என்று சொல்வானா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் நீஸ் நகரத்துக் காவல் அலுவலகத்துக்குப் போனாள். சூதாட்டத்தில் தங்களைத் தாங்களே நம்பாதவர்கள் அங்கே எழுதிக்கொடுத்தால் நாட்டில் எந்தக் காசினோவிலும் அவர்களை உள்ளே விடமாட்டார்கள். கண்ணீரும் கடனுமாக வருகிறவர்களையே பார்த்துப் பழகின இளம் அதிகாரி, தேய்த்து மடித்த கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்த அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"எதைத் தோத்தீங்க, மதாம்? வீடா?"

"இல்ல ஐயா."

"நகையா? சேமிப்பா?"

"ஒண்ணும் தோக்கல. பத்து பிராங்க் வச்சேன்," என்றாள் லூசியேன். "ஜெயிச்சுட்டேன்."

படிவத்தில் காரணம் கேட்கிற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதைக் காலியாக விட்டு, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினான்.