கண்ணாடிப் பெட்டிக்குள் கங்கோங் வியாபாரம்

அடுத்தவர் வீட்டுப் பிரசவக் கதை என்றால் உங்கள் காது இவ்வளவு நீளுமா? அடுப்பில் கறி தீய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டீர்கள் போலிருக்கிறதே! என் பெரிய மகனின் குதிகாலில் கடுகு கடுகாகத் தழும்பு ஏன் இருக்கிறது என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அவனுக்குத் தலையில் முடி கொட்டிவிட்டது, அதைப் பார்த்துப் பரிதாபப்படுவதை விட்டுவிட்டுக் காலைப் போய்ப் பார்க்கிறீர்கள். சரி, அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள். ஒரு தடவைதான் சொல்வேன்.

எண்பதுகளின் தொடக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் பின்பாதியில் குடியிருந்தோம். நான் காலைப் பசாரில் கங்கோங், முளைக்கீரை என்று கீரை விற்றேன். எனக்குப் படிப்பு ஏறவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தையும் தொண்டையே எடுத்துக்கொண்டது. "மாரி மாரி! கங்கோங் முரா! வாங்கம்மா வாங்க, மலிவு மலிவு!" என்று மலாயும் தமிழும் கலந்து கூவினால், மீன் வாங்க வந்தவர்கள் கீரையோடு வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தத்தைக் குறைக்கிற திருகு என்னிடம் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டித் தட்டி அங்கே சுண்ணாம்பே உதிர்ந்துவிட்டது.

மூத்தவன் வயிற்றில் இருந்தபோதும் கடைக்குப் போனேன். நான் கூவ ஆரம்பித்தால் அவன் உதைப்பான். "ஏய், ஒனக்கும் கீரை வேணுமா? காசை எடு!" என்று வயிற்றைப் பார்த்துத் திட்டுவேன். எதிர்க்கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஏழாம் மாதம் முடிவதற்குள் அவன் அவசரப்பட்டு வந்துவிட்டான். உள்ளங்கையில் வைத்தால் மீதி இடம் இருக்கும், அப்படி ஒரு பிள்ளை. நான் சரியாகப் பார்ப்பதற்குள் கண்ணாடிப் பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு விட்டதா? ஊரெல்லாம் கண் நோய் பரவியிருந்த நேரம். மறுநாள் காலை என் இரண்டு கண்ணும் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து ஒட்டிக்கொண்டன. குழந்தைகள் வார்டில் இருந்த தமிழ் மிஸ்ஸி என்னைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க லா. இந்தக் கண்ணோட உள்ள வந்தா எல்லாப் புள்ளைக்கும் ஒட்டிக்கும். சுத்தமா ஆறினதும் வாங்க."

"நான் கண்ணை மூடிக்கிட்டே வரேன் மிஸ்ஸி."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை.

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிப் பாலைப் பீய்ச்சிக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்துப்போவார். என் மாமியாருக்கோ தாய்ப்பாலைக் கண்ணில் விட்டால் நோய் ஓடிவிடும் என்று நம்பிக்கை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார்.

"ரெண்டே சொட்டு, கண்ணுலே வுட்டுக்கம்மா."

"அத்தை, அது அவன் சாப்பாடு. அவனுக்கே பத்தலே, என் கண்ணுக்கு வேற விருந்தா?"

இப்படிப் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, ராத்திரியில் யாரும் தூங்கவில்லை. பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. அது கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கத் தினமும் குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்க வேண்டும். குத்தினால் வீறிடுவான். அழுது களைத்து மூச்சு விடவே மறந்துபோவான். உதடு நீலம் பாரித்துவிடும். மிஸ்ஸிகள் பாதத்தைச் சுண்டி, முதுகைத் தடவி மூச்சைத் திரும்ப வரவழைப்பார்கள். இரத்தம் எடுக்காமலும் இருக்க முடியாது, எடுத்தால் பிள்ளை தாங்கவில்லை.

ஒருநாள் வீட்டுக்காரர் திரும்பி வந்து பிளாஸ்கைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுத்தமான பிளாஸ்கை.

"என்ன சொன்னாங்க?"

"இப்படியே போனா மூச்சுக் குழாய் போடணுமாம். ரொம்பச் சின்னப் புள்ளையாம். ஒண்ணும் சொல்ல முடியாதாம்."

அவர் பேசுவதே அபூர்வம். பேசியதும் இப்படி. நான் வாயடைத்துப்போய் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அக்காகூட என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

அடுத்த நாள் அந்த மிஸ்ஸி அவரிடம் ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். குத்தும்போது பெற்றவள் பக்கத்தில் நின்று பேசினால் சில பிள்ளைகள் கொஞ்சம் அடங்குவதை அவர் பார்த்திருக்கிறாராம். "அவுங்களைத்தான் உள்ள விட முடியாது. குரலுக்குக் கண் நோய் இல்லையே, அதைக் கேசட்லே பிடிச்சுக் கொண்டாங்க. டாக்டர்கிட்ட நான் கேட்டுக்கிறேன்."

வீட்டுக்காரர் மாடிவீட்டாரிடம் ரேடியோ கேசட் பெட்டியை இரவல் வாங்கி வந்தார். சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றில் என் குரலைப் பதிய வைப்பதென்று முடிவு. மாமியார் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இந்தா பாரு, ஒன் பசார் வாயைத் தொறக்காதே. அது பச்ச மண்ணு, பயந்து செத்துரும். ரேடியோவுலே பொம்பளைங்க பேசுவாங்களே, அந்த மாதிரி மெதுவா, இனிமையா பேசு. அப்படியே ஒரு தாலாட்டு பாடு."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற குரல்; குளித்து, பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டுதானே போக வேண்டும்? மூக்கால் பேசினேன். "கண்ணே, உன் அன்னை பேசுகிறேன்" என்று ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் எனக்கு அன்னை என்று பெயர்! தாலாட்டும் பாடினேன். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

கேசட் போனது. குத்தினார்கள். அதே வீறிடல், அதே நீலம். யாரோ ஓர் அன்னை பேசினால் அவனுக்கென்ன?

"இன்னொரு தடவை பாடித் தரச் சொல்லுங்க" என்று மிஸ்ஸி சொல்லிவிட்டார். மறுபடியும் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாலாட்டு இரண்டு வரிகூடப் போயிருக்காது, கொல்லைக் கதவு தட்டப்பட்டது. பின்தெருச் சீன அக்கா. அவர் என் பழைய வாடிக்கை. நான் படுத்துவிட்டதால் காலையில் வேலைக்குப் போகுமுன் வீட்டுக்காரர்தான் கடை போட்டுக்கொண்டிருந்தார். வாய் இல்லாத மனுஷர் விற்ற இலட்சணத்தில் பாதிக் கீரை வீட்டுக்கே திரும்பி வரும். அந்த அம்மா கதவோரம் கிடந்த கங்கோங் கட்டுகளைப் பார்த்துவிட்டார். ஒன்றைத் தூக்கி ஆட்டி, "வாடிப்போச்சு, விலையைக் குறை" என்று மலாயில் ஆரம்பித்தார்.

வாடிப்போச்சா? என் கீரையா?

அவ்வளவுதான். பெட்டி ஓடிக்கொண்டிருப்பதே மறந்துவிட்டது. "மஹால்" என்றார் அவர், விலை அதிகமாம். "முரா லா! தண்ணி தெளிச்சா ஆடும் பாரு! பசார் பூரா போய்ப் பாரு, இந்த மாதிரி கங்கோங் கெடைக்குமா? வேணாமா, போ! ஏய், எங்க போறே, வா வா, மாரி மாரி!" என்று வீடு அதிர நான். மாமியார் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டினார். கடைசியில் கீரை விற்றது. திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் தாலாட்டினேன். வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. கேசட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகுதான் எனக்குப் பொறிதட்டியது. "அத்தை, கீரை வியாபாரமும் சேர்ந்து போயிருச்சு" என்றேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

வழக்கமாகத் திரும்பும் நேரம் தாண்டியும் அவரைக் காணோம். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். கடைசியில் தெருமுனையில் தெரிந்தார். வேகமாகவும் வரவில்லை, மெதுவாகவும் வரவில்லை. படியில் வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் ஈரம்.

"என்னாச்சு? சொல்லுங்களேன்! புள்ளைக்கு என்னாச்சு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒன் மவன் கங்கோங் வாங்கிட்டான்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் நிதானமாகச் சொன்னார். பெட்டிக்குப் பக்கத்தில் கேசட்டை மெல்லிய சத்தத்தில் ஓட விட்டார்களாம். தாலாட்டு ஓடும்போதே குத்தினார்களாம். வீறிட ஆரம்பித்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து "முரா லா!" வந்திருக்கிறது. மிஸ்ஸி பதறி நிறுத்தப் போயிருக்கிறார். டாக்டர் வேண்டாம் என்று கையைக் காட்டினாராம். பிள்ளையின் அழுகை தேய்ந்து தேய்ந்து சிணுங்கலாகிவிட்டது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வாயை அரைகுறையாகத் திறந்து, ஒட்டுக் கேட்கிற மாதிரி கிடந்தானாம். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததாம். உதடு நீலமாகவே இல்லையாம். இரத்தம் எடுத்து முடித்துவிட்டார்கள்.

"டாக்டர் வெளிய வந்து யார் அந்தக் கொரல்னு கேட்டாரு" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது, என் சம்சாரம்னு சொன்னேன்."

மாமியார் எழுந்து உள்ளே போனார். சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, "நாளைக்கு என்ன விக்கப் போறே?" என்று கேட்டார்!

அதற்குப் பிறகு முளைக்கீரை, முருங்கை எல்லாம் கேசட்டில் போனது. ஒவ்வொரு தடவையும் அவன் அப்படியே அடங்கினான் என்று சொன்னால் பொய். ஆனால் மூச்சை மறக்கிற அளவுக்குப் போகவில்லை. காமாலையும் இறங்கியது. குழாய் போட வேண்டியே வரவில்லை.

கண் ஆறியதும் என்னை உள்ளே விட்டார்கள். பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டேன். ஊர்ப்பட்ட வாய் எனக்கு. ஒரு சொல் வரவில்லை.

"பேசுங்கக்கா. கேசட்லே அந்தப் போடு போட்டீங்க, இப்ப என்னா வெக்கம்?" என்றார் மிஸ்ஸி.

"ஏய்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. "ஒனக்கும் கீரை வேணுமா? காசை எடு."

அவன் தலை என் பக்கம் கொஞ்சம் அசைந்தது. தீக்குச்சி மாதிரி விரல்கள் விரிந்து என் சுண்டுவிரல் நுனியைப் பிடித்துக்கொண்டன.

இன்றைக்கும் யாராவது என்னை மெதுவாகப் பேசச் சொன்னால் எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் ஞாபகம் வரும். பவுடர் போட்ட குரலை அவன் வேண்டாம் என்றான், அவனுக்குத் தெரிந்த அம்மா அந்தச் சத்தம்தான்.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அன்று அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டாய், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஆளுக்கு ஒரு கேள்வி. விரலைப் பிடித்த கதையை நான் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை மட்டும் பார்த்துச் சொன்னேன்: "இனிமே செவுத்தைத் தட்டாதீங்கக்கா. இது சத்தம் இல்லே, டாக்டரே கேட்டு வாங்குன மருந்து. ஒங்களுக்கு ஓசியிலே கெடைக்குது, பேசாம கேட்டுக்குங்க லா."