செவிலிமேட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு, பாவு நீட்டிய தெரு வழியாக

இந்தக் கட்டுரையில் வருபவை:

1. நான் ஏன் காஞ்சிபுரம் போனேன்.
2. செவிலிமேட்டிலிருந்து மார்க்கெட்டுக்குப் பேருந்துச் சாலையைத் தவிர்த்துச் செல்லும் சைக்கிள் வழி.
3. அதற்காகக் கவுன்சிலரிடம் நான் வைத்த கருத்துகள்: (அ) பாதை பேருந்துகளை விட்டு விலகியிருக்க வேண்டும், (ஆ) காலை வேளையில் மோட்டார் வண்டிகள் அதில் நுழையக் கூடாது, (இ) சைக்கிளை விட்டு இறங்க வைக்கும் பாதை நல்ல பாதையல்ல.
4. போக நினைப்பவர்களுக்குக் குறிப்புகள்.

என் தங்கை வசந்தாவுக்கு அறுபத்து நான்கு வயது. செவிலிமேட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள். காய்கறிக்கும் பூவுக்கும் தினமும் சைக்கிளில்தான் மார்க்கெட்டுக்குப் போவாள். கோடையில் ஒருநாள் பேருந்து ஒன்று உரசியதுபோல் போக, இவள் சாலையோர மணலில் சாய்ந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் மகன் பிரபு கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: பஸ் போகாத வழி கிடைத்தால் ஓட்டலாம், இல்லையென்றால் சைக்கிளை விற்றுவிட வேண்டும். வசந்தா தொலைபேசியில் என்னிடம், "அண்ணா, நீ பூகோளம் சொல்லிக் குடுத்தவன்தான? ஒரு வழி கண்டுபிடிச்சுக் குடு" என்றாள். கல்லூரியில் பாடம் நடத்தியது உண்மைதான். வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊரார் முன் பேசியதில்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமை. செங்கல்பட்டிலிருந்து காலைப் பாசஞ்சரில் கிளம்பினேன். ஒரு மணி நேரப் பயணம். கட்டணம் ஒரு காபியின் விலைகூட இல்லை. நிலையத்திலிருந்து செவிலிமேட்டுக்கு ஆட்டோவில் நூற்று இருபது ரூபாய் கொடுத்தேன். (பேரம் பேச எனக்கு வராது, நீங்கள் குறைத்துப் பாருங்கள்.)

மதிய உணவுக்குப் பின் பிரபுவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பின்தெருக்கள் வழியே பிள்ளையார்பாளையம் பக்கமாகச் சுற்றினேன். பேருந்துச் சாலையில் நான்கு கிலோமீட்டர் என்றால் இந்த வழியில் ஐந்து. நடுவே ஒரு நெசவாளர் தெரு. நேரானது, அகலமானது, ஓர் ஆள்கூட இல்லை. வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு எப்போதும் வரும் சந்தேகத்தால் இன்னொரு முறையும் போய்ப் பார்த்தேன். அப்போதும் காலி. சிவப்பு மையால் வரைபடத்தில் கோடு போட்டுவிட்டேன்.

அன்று மாலை வசந்தாவும் நானும் வார்டு கவுன்சிலரம்மாவைப் பார்த்தோம். நாற்பது வயதிருக்கும், பொறுமையாகக் கேட்டார். காலையில் அந்தத் தெருவின் இரு முனைகளிலும் கம்பம் நட்டு மோட்டார் வண்டிகளைத் தடுக்க வேண்டும் என்று சொன்னேன். "நல்ல யோசனைதான் சார். ஆனா தெருக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. அவங்க கையெழுத்து இல்லாம நான் கமிஷனர்கிட்ட போக முடியாது" என்றார். உடனே வசந்தா, "நீங்களே வந்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கம்மா" என்றாள். அவர் சிரித்துவிட்டு, ஞாயிறு காலை வருவதாக ஒப்புக்கொண்டார்.

ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். கவுன்சிலர், வசந்தா, பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர், நான். கவுன்சிலர் யாரிடமோ கடன் வாங்கிய சைக்கிளில் வந்தார். "பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் இன்னிக்குதான் சார் ஏர்றேன்" என்று சொல்லிக்கொண்டே எங்களை முந்தினார். வெயில் ஏறவில்லை, லேசான காற்று. வசந்தா ஒவ்வொரு திருப்பத்திலும் தேவையில்லாமல் மணி அடித்தாள். எல்லோரும் பதிலுக்கு அடித்தார்கள். நானும் ஒருமுறை அடித்தேன்.

அப்படி மணி அடித்துக்கொண்டேதான் அந்தத் தெருவுக்குள் திரும்பினோம். உடனே பிரேக் பிடித்தோம்.

தெருவின் பாதி நீளத்துக்கு மாம்பழ மஞ்சளில் பட்டு இழைகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. தறியில் ஏற்றும் முன் நெடுக்கு இழைகளை இப்படித் தெருவில் நீட்டி, அறுந்தவற்றை முடிந்து, கஞ்சி போட்டுக் காய வைக்கிறார்கள். அதற்குப் பாவு என்று பெயர். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை. நான் இரண்டு முறையும் சோதித்தது மத்தியானத்தில். கவுன்சிலரின் முன்சக்கரம் பட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது.

பாவின் அருகே நின்ற பெண்மணி திரும்பினார். பெயர் சரோஜா என்று பிறகு தெரிந்தது.

"பெல்லு அடிச்சா பாவு எழுந்து வழி விடுமா? அட, கவுன்சிலரம்மாவா! ஓட்டு கேக்க நடந்துதான வந்தீங்க, இப்போ இன்னா சைக்கிளு?"

"இந்த சார்தான் இட்டுக்கினு வந்தாரு" என்று கவுன்சிலர் என்னைக் காட்டிவிட்டார்.

"மன்னிக்கணும்மா. நேற்று மத்தியானம் தெரு காலியாக இருந்தது" என்றேன்.

"மத்தியானம் பாத்துட்டுக் காலைல வழி போட்டியா? சாயங்காலம் வந்திருந்தா கிரிக்கெட் கிரவுண்டுன்னு எழுதிருப்ப!"

தெருவே சிரித்தது. கவுன்சிலர் என் பக்கம் குனிந்து, "நான்தான் சொன்னேன்ல சார்" என்றார். வசந்தா சிரிக்கவில்லை. மணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நின்றாள். சைக்கிளை விற்கப் போகிறவளின் முகம் அது. அதைப் பார்த்ததால்தான் என் வாய் திறந்தது.

"அம்மா, சைக்கிளே வரக் கூடாது என்கிறீர்களா?"

பாவின் மறுமுனையிலிருந்து சரோஜாவின் கணவர் ஏகாம்பரம் பதில் சொன்னார். "சைக்கிளை யார் சார் வேணாம்னது? பைக்குதான் வேணாம். போன மாசம் ஒருத்தன் பூந்து, கண்ணாடில இழை மாட்டி, ரெண்டு நாள் வேலை போச்சு. கம்பம் நடுங்க, நாங்களே குழி தோண்டறோம்."

"ஆனா சைக்கிள்காரங்க பாவுகிட்ட இறங்கித் தள்ளிக்கினுதான் போவணும்" என்றார் சரோஜா. "அது மட்டும் கண்டிசன்."

"இறங்க வைக்கும் பாதை என்பது..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணா, வாயை மூடிக்கினு இரு" என்றாள் வசந்தா.

மூடிக்கொண்டேன். என் வரைபடத்தின் பின்பக்கத்திலேயே வீட்டுக்கு ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். ஏகாம்பரம் கஞ்சிக் கையை அரைகுறையாகத் துடைத்துவிட்டுப் போட்டதில் ஒரு மூலை ஒட்டிக்கொண்டது. கவுன்சிலர் அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார். அன்று மார்க்கெட்டில் எல்லோருக்கும் இட்லி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

கம்பங்கள் வர இரண்டு மாதம் ஆயிற்று. இப்போதைக்குச் சோதனை முயற்சிதான். காலை ஒன்பது மணிக்குக் கழற்றிவிடுகிறார்கள். நிரந்தரமாகுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிரபு விற்கும் பேச்சை விட்டுவிட்டான்.

போக நினைப்பவர்களுக்கு: வாடகை சைக்கிள் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை, தெரிந்தவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நேரத்தை முன்னதாகப் பார்த்துவிடுங்கள். மழை நாளில் பாவு நீட்ட மாட்டார்கள். பட்டைத் தொடாதீர்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு பாதை கேட்பதாக இருந்தால், அந்தத் தெருவை எந்த வேளையில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த வேளையில் போய்ப் பாருங்கள்.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். அரக்கு நிறப் பாவு. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். சரோஜா, "வாத்தியாரே, இன்னிக்கு மேப்பு எங்க?" என்றார். ஏகாம்பரம் வெண்டைக்காய் விலை கேட்டார். வசந்தா மார்க்கெட் சேதி முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் பாவு முடிந்துவிட்டது. அவள் ஏறவில்லை, பேச்சு பாக்கி இருந்ததால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடி நடந்தாள். நானும் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனேன். அந்த ஐந்து கிலோமீட்டரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஆகவே மேலே மூன்றாவதில் (இ) என்று எழுதியிருப்பது தவறு.