ஆறு பிளாஸ்க்கும் ஓஸ்வால்டின் மூக்கும்

பொம்மசந்திராவில் பாக்டீரியா வளர்க்கும் ஒரு கம்பெனியில் ஓஸ்வால்டுக்கு எழுத்தில் இருந்த வேலை லேபின் கண்ணாடி பிளாஸ்க்குகளைக் கழுவுவது. எழுத்தில் இல்லாத வேலை மோந்து பார்ப்பது. காலை பத்து மணிக்கு லேபிலிருந்து இன்டர்காம் அடிக்கும். கையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளை நடையில் போவார். இரவெல்லாம் இயந்திரத்தில் குலுங்கிய பிளாஸ்க்குகளின் வாய்க்கு மேலே மூக்கை ஓட்டுவார். நனைந்த காலுறை வாடை வந்தால், வளர வேண்டிய பாக்டீரியாதான் வளர்ந்திருக்கிறது. புளித்த மாவு வாடை வந்தால் அழையா விருந்தாளி புகுந்துவிட்டது. எம்.எஸ்ஸி. படித்தவர்கள் மூச்சுவிடாமல் அவர் முகத்தையே பார்த்து நிற்பார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வேறு யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. ஜோகுபாளையத்து ஒற்றை அறையில் கண்ணாடி ஒன்றுதான் பார்க்கும், அதுவும் கடமைக்கு.

கிடைத்த கவனத்தைச் சும்மா விடுவாரா? நல்ல பிளாஸ்க்கைப் பார்த்தே "போச்சும்மா" என்று உதட்டைப் பிதுக்குவார். அவர்கள் அழப் போகிற நேரம் சிரிப்பார்.

2004 மழையில் வந்த சளிக்காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோறு தீய்ந்ததே வாயில் கரி கடிபட்ட பிறகுதான் தெரிந்தது. வெளியே சொன்னால் இன்டர்காம் நின்றுவிடும். ஆகவே நுரையையும் நிறத்தையும் பார்த்து "ஓகே" சொல்லி இரண்டு மாதம் ஓட்டினார். அதிர்ஷ்டமும் கூடவே ஓடியது.

அப்போதுதான் பவுலினின் ஆறு பிளாஸ்க் வந்தது. பொம்மனஹள்ளியிலிருந்து லேபுக்கு வேலைக்கு வருகிற பெண். நான்கு முறை செய்து நான்கு முறையும் கெட்டுப்போன சரக்கு. இதுதான் கடைசி வாய்ப்பு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"என்னம்மா இது, இவ்ளோ பிடிவாதம் பிடிக்குது?"

"மனுஷ மூக்குல வாசனைய புடிக்கிற புரோட்டீன் அங்கிள். அதோட ஜீனை பாக்டீரியாக்குள்ள வெச்சிருக்கேன். அது செஞ்சு குடுக்கும். ஆராய்ச்சிக்கு அனுப்பணும்."

ஓஸ்வால்ட் பிளாஸ்க்கை ஒட்டி வந்து நின்றார். "அத ரெண்டு சொட்டு மூக்குல விட்டுக்கிட்டா?"

"ஒண்ணும் ஆகாது. தனியா டியூப்ல கெடந்தா அது எதையும் மோக்காது. நரம்பு வேணும், மூளை வேணும். ஏன், இருக்கிற மூக்கு பத்தலியா உங்களுக்கு?"

அவர் குனிந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. காற்றுதான் போய் வந்தது. நான்காவதில் நுரை கொஞ்சம் அதிகம்போலத் தெரிந்தது. இல்லாமலும் இருக்கலாம். ஒன்று கெட்டிருந்தாலும், சேர்த்து ஊற்றினால் ஆறும் போச்சு. "ஓகே" நாக்கு நுனிவரை வந்து நின்றது. பவுலின் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"நெஜமாத்தான். ரெண்டு மாசமா மூக்கு செத்துக் கெடக்குது."

"போன வாரம் கால் ஒடிஞ்சிடுச்சுன்னீங்க. நொண்டிக்கிட்டே வந்து என் பிஸ்கட்ட தின்னுட்டு ஓடுனீங்க."

ஓஸ்வால்ட், புகையை உறிஞ்சும் ஹூடுக்குள் இருந்த மெர்காப்டோஎத்தனால் பாட்டிலைக் காட்டினார். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றத்தில் மாடி முழுக்கத் திட்டுகிற சரக்கு அது. "அத தொற."

அவள் சிரித்தபடியே திறந்தாள். உடனே துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். ஓஸ்வால்ட் காபிக்குக் காத்திருப்பவர்போல அங்கேயே நின்றார். பவுலினின் சிரிப்பு மெல்ல நின்றது. மூடியை இறுக்கி மூடினாள்.

"யார்கிட்டயுமே சொல்லலியா அங்கிள்?"

"யார்கிட்ட?"

அவர் உண்மையாகத்தான் கேட்டார்.

பவுலின் ஒவ்வொரு பிளாஸ்க்கிலும் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். நான்காவதில் ஈஸ்ட் புகுந்திருந்தது. அதில் பிளீச்சை ஊற்றிவிட்டு மற்ற ஐந்தை எடுத்துக்கொண்டாள். "தேங்க்ஸ் அங்கிள்" என்று, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

மறுநாள் பத்து மணி ஆனது. பத்தரையும் ஆனது. ஓஸ்வால்ட் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார், நன்றாகவே இரைந்தது. பதினோரு மணிக்குத் தானாகவே போனார். பவுலின் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னைக்கு பிளாஸ்க்க நானே பாத்துட்டேன் அங்கிள். எல்லாம் சுத்தம். நீங்க டாக்டர்கிட்ட போங்க, மறக்காம."

"சரிம்மா. காலி பிளாஸ்க் எடுக்கத்தான் வந்தேன்."

நேற்றைய ஆறு பிளாஸ்க். தள்ளுவண்டியில் வைத்தால் ஒரே நடை. ஓஸ்வால்ட் வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு, கைக்கு ஒன்றாக, பவுலினின் மேசையைத் தாண்டித் தாண்டி மூன்று நடை நடந்தார்.