இத்தாலி சைக்கிளும் என் முதுகெலும்பும்

முதல் அறிகுறியை நான் காலில் பார்க்கவில்லை, சைக்கிளில் பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, அண்ணாமலையைச் சுற்றும் சாலையில் மிதித்துக்கொண்டிருந்தபோது இடது பெடல் சற்றுப் பிந்தி இறங்கியது.

சாதாரண சைக்கிள் இல்லை அது. செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த இத்தாலிக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது எனக்கு விற்றுவிட்டுப் போன பழைய ரேஸ் சைக்கிள். வளைந்த ஹேண்டில்பார், பத்து கியர். ஒரு கையால் தூக்கிவிடலாம். இப்படி மூன்று வைத்திருந்தேன். நான் வெறும் ஜவுளிக் கடைக்காரன்தான். ஆனால் சுற்று வட்டாரத்தில் யாரிடமும் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்ற திமிர் உண்டு. இன்றும் உண்டு.

ஆகவே பெடல் அச்சைக் கழற்றினேன். பேரிங் குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்துப் பூட்டினேன். சரியாகவில்லை. மறுபடி கழற்றினேன். பிறகு மூன்றில் இன்னொன்றான பிரெஞ்சு சைக்கிளை எடுத்தேன். அதிலும் இடது பக்கம் இழுத்தது. அதையும் கழற்றினேன். சிரிக்காதீர்கள். இதே நோயோடு இதை வாசிப்பவர்களே, நீங்களும் உடம்பைச் சந்தேகிப்பதற்கு முன் கட்டில், செருப்பு என்று எல்லாவற்றையும் சந்தேகித்திருப்பீர்கள்.

ஒரு மாதம் கழித்து மனைவி நூர்ஜஹான் எதிரே வந்து நின்றாள்.

“ரெண்டு சைக்கிளுக்கும் ஒரே பக்கம் நோவு வருமாங்க? உங்க இடது கால் செருப்பு தெருவுலயே கழண்டு கெடக்குது. அது தெரியாமயே வாசலுக்கு வந்துட்டீங்க.”

குனிந்து பார்த்தேன். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அப்போதுதான் பயந்தேன்.

வேலூரில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் சொன்னார்: “முதுகெலும்புல டி.பி.” (காசநோய், எலும்பையும் அரிக்கும்). சீழ் சேர்ந்து தண்டுவடத்தை (கால்களுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புக் கற்றை) அழுத்துகிறதாம்.

“எனக்கு இருமலே இல்லையே டாக்டர்.”

“இருமல் இல்லாமலும் வரும். குணமாயிடும். ஆனா மருந்த ஒரு நாள்கூட விடக்கூடாது.”

ஒன்றரை வருடம் மாத்திரை. முதல் சில மாதங்கள் தினமும் ஊசி. வருடக்கணக்கில் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து காய்த்துப்போன இடத்தில் அதை இறக்க கம்பவுண்டர் பட்ட பாட்டை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இடது கால் அசையாமலே போக, பலகைக் கட்டிலில் மல்லாந்தே கிடந்தேன். இனி ஓட்டவே முடியாதோ என்ற ஒரே கவலைதான். நான்காம் மாதம் இடது கால் கட்டைவிரல் என் பேச்சைக் கேட்டு அசைந்தது. நூர்ஜஹான் அழுதாள். நான் இன்னொரு தடவை அசைத்துக் காட்டினேன்.

மருந்து முடிந்த அன்று டாக்டர் புது எக்ஸ்ரேயைப் பார்த்தார். “ரெண்டு எலும்பும் ஒண்ணா சேந்துடுச்சு. இனிமே நீங்க கடைக்குப் போலாம். குனிஞ்சு ஓட்டுற சைக்கிள் மட்டும் வேணாம்.”

“நிமிந்து ஓட்டுனா?”

எக்ஸ்ரேயை உறையில் போட்டார். “நிதானமா ஓட்டுங்க.”

சிக்கல் அங்கேதான். நிமிர்ந்து ஓட்ட, வளைந்த ஹேண்டில்பாரை மாற்ற வேண்டும். பழைய சைக்கிளில் அது பிறந்த ஊர்ப் பாகத்தைத் தவிர வேறெதையும் பூட்டக் கூடாது என்பது என் கொள்கை. தன் பழைய சைக்கிளில் கேரியர் மாட்டிய நண்பரோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவன் நான். இத்தாலி சைக்கிளைப் பத்து நாள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

“அதுக்கு வலிக்காதுங்க, உங்களுக்குத்தான் வலிக்கும். மாட்டுங்க” என்றாள் நூர்ஜஹான்.

கடைத்தெருவில் சாதா ஹேண்டில்பார் ஒன்று வாங்கி வந்தேன். அதைப் பிடிக்கும் கவ்விக்குள் லூசாக இருந்தது. பால்பவுடர் டப்பாவின் தகரத்தை வெட்டிச் சுற்றி இறுக்கினேன். வேலை சுத்தம்.

மறுநாள் காலை மலை சுற்றப் போனேன். அடி அண்ணாமலையில் பால்கேன் கட்டிய சைக்கிள்காரர் என்னைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார்.

“என்ன பாய், வெளிநாட்டு சைக்கிள்ல நம்மூரு ஹேண்டிலா?”

“ஆமாங்க. என் முதுகுக்கு அளவெடுத்துப் போட்டது.”

முன்பு அரை மணிக்குள் சுற்றிவிடுவேன். தலை கவிழ்ந்திருக்கும், பார்த்ததெல்லாம் முன்சக்கரமும் தாரும்தான். இப்போது முதுகு வளையாததால் தலை நிமிர்ந்தே இருந்தது. பிறந்து வளர்ந்த ஊரின் மலையை ஒவ்வொரு பக்கமாக அன்றுதான் பார்த்தேன்.

வாசலில் நூர்ஜஹான் காத்திருந்தாள். “எவ்ளோ நேரம் ஆச்சு?”

“நேரம் பாக்கல. முழுசா வந்துட்டேன்.”