இரண்டு வரை எண்ணப்பட்ட பட்டம்

வாய்மொழி வழக்குகளைச் சேகரிக்கும் தொழிலில் பொய் சொல்பவர்களால் பெரிய துன்பமில்லை. எல்லோரும் உண்மையே சொல்வதுதான் துன்பம். ஒலிப்பதிவுக் கருவியைப் பையில் வைத்துக்கொண்டு, முன்பின் அறியாதவர் வீட்டு வரவேற்பறையில் மூன்றாவது கோப்பைத் தேநீரையும் மறுக்க முடியாமல் குடித்திருக்கும் நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நாட்டுப் பாடல்களின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டே ஆயுளைக் கழித்த எனக்கு, பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் வந்த பணி சற்று விசித்திரமானது. மொன்றியல் நகரின் தொழில்முறை மல்யுத்தம் பற்றிய ஒரு தொகுப்பு நூலுக்கு, இப்போது வழக்கில் இல்லாத ஒரு சம்பியன் பட்டத்தின் வரலாற்றை எழுதித் தரவேண்டும். நகரைச் சுற்றி ஓடும் ஆற்றை வைத்து ரசிகர்கள் அதையும் அதற்குரிய பெல்ட்டையும் ஆற்றுப்பட்டம் என்பார்கள். எண்பதுகளின் இறுதியில் ஆட்டங்களை நடத்திய கம்பனி மூடப்பட்டபோது பட்டமும் ஓய்வு பெற்றது. கடைசி ஆட்டத்துக்குரிய இருவரில் ஒருவர் மார்செல். பட்டத்தை வைத்திருந்தவர், நகரத்தின் செல்லப்பிள்ளை. மற்றவர் ‘கல்கத்தா மகாராஜா’ என்ற பெயரில் தலைப்பாகையோடு வந்து எல்லோருடைய வசவையும் வாங்கிய வில்லன். அவர் நம்மவர், யாழ்ப்பாணத்து ராசன். கல்கத்தாவைக் கண்ணாலும் கண்டதில்லை. பகலில் சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் வென்றவர் யார்? எனக்குத் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றே. பத்திரிகைகள் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. அவை மல்யுத்தத்தை மதிக்காத காலம் என்று எடுத்துக்கொண்டேன். விசாரித்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று பதிப்பாளருக்கு வாக்கும் கொடுத்தேன்.

முதல் வரிசைச் சாட்சி

நோத்ர-டாம்-த-கிரேஸில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், சென்னையிலிருந்து வந்து இங்கேயே நிலைத்தவர், ஆட்டத்தை நேரில் கண்டதாகச் சொல்லி என்னை அழைத்தார். நேரில் கண்ட சாட்சி என்றால் நம் போன்றோருக்கு வாயூறும். கடும் பனிப்பொழிவிலே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதில் தொடங்கி, மகாராஜா மார்செலைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றியது, கீழே போட்டது, நடுவர் மூன்று எண்ணி வெற்றியை அறிவித்தது என்று நாற்காலியை விட்டெழுந்து நடித்தே காட்டினார். சமையலறையிலிருந்த அவருடைய மனைவி, “பனி கொட்டின அன்னிக்கு நீங்க ஃபிளைட் மிஸ் பண்ணி டொராண்டோல இல்ல இருந்தீங்க?” என்று கேட்டார்.

பொறியாளர் கருவியை என் பக்கத்திலிருந்து தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: “சார், நான் முதல் வரிசை. மகாராஜாவோட வேர்வை என் சட்டைல தெறிச்சுது. இவ அந்தச் சட்டையத் தொவைச்சுட்டா, அவ்வளவுதான்.”

கடைக்குள் நடந்த ஆட்டம்

அதே வட்டாரத்தில் குகன் என்பவரின் டெப்பனர். பாலும் லொத்தர் சீட்டும் விற்கும் மூலைக்கடை. குகன் அந்தக் காலத்தில் ராசன் அண்ணையோடு அதே பண்டகசாலையில் வேலை செய்தவர். “வெண்டது அண்ணைதான். அதிலென்ன கேள்வி? பனிக்குள்ள எங்களால போக ஏலாமல் போச்சு. விடியக் காலமை வேலைக்குப் போனால், கதவடியிலேயே எல்லாரும் அவருக்குக் கை குடுக்கிறாங்கள். நானும் குடுத்தனான்,” என்றார்.

பால் வாங்க வந்த ஒரு மூதாட்டி எங்கள் பேச்சில் மார்செல் என்ற பெயரைக் கேட்டுவிட்டார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராம். பிரெஞ்சில் என்ன கதை என்று விசாரித்தார். குகன் சொன்னதும் பால் பெட்டியைத் தட்டின்மேல் ஓங்கி வைத்தார். மார்செல் மகாராஜாவின் தலைப்பாகையை அவிழ்த்து, அதனாலேயே அவர் காலைக் கட்டி விழுத்தினாராம். குகன் அவரையும், அவர் குகனையும் பொய்யர் என்றார்கள். பின்னால் வரிசை நீண்டது. அன்றைய பனி இடுப்பளவு என்பதில் மட்டும் இருவருக்கும் பிணக்கில்லை. பனியைக் குறிப்பேட்டின் ஓரத்தில் அலங்காரம் என்று குறித்துக்கொண்டேன்.

போகும்போது கதவைத் திறந்து பிடித்தபடி அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னது: “மிசியூ, மார்செல் தோற்றிருந்தால் மறுநாள் பனியைத் தள்ள இந்தத் தெருவில் ஒருத்தரும் வெளியே வந்திருக்க மாட்டார்கள். நாங்கள் எல்லோரும் வந்தோம்.”

ரொக்ஸ்பரோவில் ராசன் அண்ணை

இத்துறையில் ஒரு நடைமுறை உண்டு: சம்பந்தப்பட்டவரிடம் கடைசியில்தான் போகவேண்டும், முதலிலேயே போனால் மற்றவர்களுடைய கதைகளைக் கேட்கும் ஆர்வம் போய்விடும். ஆகவே ராசன் அண்ணை வசிக்கும் ரொக்ஸ்பரோவுக்குப் போகையில் என் கையில் வெற்றிகளும் தோல்விகளுமாக ஒரு கட்டு இருந்தது. ராசன் அண்ணைக்கு இப்போது முழங்கால் இரண்டும் மாற்றியாகிவிட்டது, முதுகும் வளைந்துவிட்டது. கதவுச் சட்டத்தை நிரப்பிக்கொண்டு நிற்கும் தோள் மட்டும் அப்படியே இருக்கிறது.

கேள்வியைக் கேட்டதும் அவர் யன்னலைப் பார்த்தார். மல்யுத்தக்காரர்களிடையே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. யார் வெல்வது, எப்படி வெல்வது என்பதெல்லாம் முன்னரே பேசி முடித்த காரியம். அதை வெளியாருக்குச் சொல்வது துரோகம். “கோதாவுக்குள்ள நடந்ததை வெளியில கதைக்கிறேல்லை, மாஸ்டர்,” என்றார். அப்போது அவருடைய மனைவி புவனா அக்கா வடைத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, “இஞ்சருங்கோ, நடந்ததைத்தானே கதைக்கிறேல்லை? நடவாததைக் கதைச்சால் என்ன?” என்றார்.

பிறகுதான் வந்தது. அன்று ஆட்டமே நடக்கவில்லை. அண்ணையும் அக்காவும் காரில் பனியைக் கிழித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அரங்கின் கதவில் பூட்டுத் தொங்கியது, கம்பனி முடிந்துபோயிருந்தது. முந்தின வாரம்தான் முதலாளி அண்ணையைத் தனியே கூப்பிட்டு, அடுத்த ஆட்டத்தில் பட்டம் உனக்கு என்று சொல்லியிருந்தார். அந்தக் கிழமை முழுவதும் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், பட்டத்தை எப்படித் தூக்கிப் பிடிப்பது என்று இவர் பழகியிருக்கிறார். புவனா அக்கா தன் கூறைச் சேலையைத் தலைப்பாகைக்கென்று கிழித்தே கொடுத்துவிட்டாராம்.

பிறகு ஏன் இத்தனை காலமும் ஊரார் சொன்னதை மறுக்கவில்லை என்று கேட்டேன். அவர் கைகளைத் தூக்கினார். தலைக்கு மேலே ஒரு பெல்ட்டின் அகலத்துக்கு விரித்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு இறக்கினார். “விடியக் காலமை போனால், நான் வெண்டிட்டனெண்டு நினைச்சு எங்கட பெடியள் வரிசையில நிண்டு கை தாறாங்கள், மாஸ்டர். ஒருத்தன்ர தாய் அங்கை முகாமில, மற்றவன்ர பெஞ்சாதிக்கு விசா இல்லை. ஆருக்குமே ஒரு நல்ல செய்தி இல்லாத வருசம். நான் என்னெண்டு இல்லையெண்டிறது?”

அடிக்குறிப்பில் விழுந்த பனி

வீட்டுக்கு வந்து எல்லாப் பதிவுகளையும் மறுபடி கேட்டேன். ஒரு கதையில் தூக்கி எறிந்தார்கள், ஒரு கதையில் தலைப்பாகையால் கட்டினார்கள், இன்னொன்றில் நடுவரே மயங்கி விழுந்தார். ஒன்றோடொன்று ஒட்டாத அத்தனை கதைகளிலும் பனி பெய்தது. ரசிகர்களில் அநேகமானோர் அன்று வீட்டைவிட்டுப் புறப்பட்டிருக்கிறார்கள். பாதி வழியில் சிக்கித் திரும்பியிருக்கிறார்கள். மீதி ஆட்டத்தை அவரவர் மனம் அவரவருக்கு வேண்டிய மாதிரி நடத்தி முடித்திருக்கிறது.

இதை என்னோடு முன்பு ஒரே துறையில் பணியாற்றிய பேராசிரியை ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் நீண்ட சிரிப்புக் கேட்டது. “எல்லோரும் ஒரே குரலில் சொன்ன ஒரே விஷயம் பனிதான். அதைப் போய் அலங்காரம் என்று எழுதி வைத்திருக்கிறாயே, நீ யாரிடமப்பா படித்தாய்?”

தோற்கக் காத்திருந்தவர்

மார்செல் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவர் அறையில் ஒரு கட்டில், சாய்கின்ற நாற்காலி, அந்த நாற்காலியின் முதுகில் ஆற்றுப்பட்டம். தோல் வெடித்திருந்தது, பித்தளை மட்டும் துடைத்துத் துடைத்துப் பளபளத்தது. யார் உங்களைப் பார்க்க வருவார்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். வேறு யாருமில்லை என்பதுபோலப் பெருவிரலால் தோளுக்குப் பின்னால் பட்டத்தைக் காட்டினார்.

மகாராஜாவின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார். பட்டம் கைமாறும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. எப்படி விழுவது என்று அவரே யோசித்து வைத்திருந்தாராம். நல்ல சம்பியன் என்றால் அழகாகத் தோற்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்றார். பூட்டிய கதவுக்கு அவரும் வந்திருக்கிறார், இன்னொரு பக்கமாக. பட்டத்தைக் கொடுக்க ஆளில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், அன்றிலிருந்து வைத்திருக்கிறார். அப்படியானால் ராசனிடம் நானே சேர்ப்பித்துவிடட்டுமா என்று, புத்தகத்தை முடிக்கிற அவசரத்தில், கேட்டுவிட்டேன்.

மார்செல் என் கைக்கு எட்டாதபடி பட்டத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “பட்டத்தை யாரும் பார்சலில் அனுப்புவதில்லை, பேராசிரியரே. அவனை வரச் சொல்லுங்கள். வந்து என்னைத் தோற்கடித்து எடுக்கட்டும்.”

வியாழக்கிழமைப் பிற்பகல்

ராசன் அண்ணை வந்தார். புவனா அக்கா கார் நிறுத்துமிடத்தில் வைத்தே கூறைச் சேலைத் துண்டால் தலைப்பாகை கட்டிவிட்டார். “ஆடாமல் நில்லுங்கோ. சம்பியனெண்டால் தலை நேரா நிக்கவேணும்.” பொது அறையின் நடுவே மார்செலின் சாய்நாற்காலியைப் பட்டத்தோடு வைத்து, சுற்றிலும் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். மகாராஜா வாசலில் தெரிந்ததும் ஒரு கிழவி, பிறகு இன்னொருத்தி, பிறகு எல்லோருமாக அந்தப் பழைய வில்லனை ஏளனம் செய்து கூவடிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கூச்சல் காதில் விழ விழ, வளைந்திருந்த அவர் முதுகு மெல்ல நிமிர்ந்ததை நான் கண்டேன்.

இருவரும் கைகோத்து ஒருவரையொருவர் தள்ளுவது போலச் சற்று நேரம் நின்றார்கள். உண்மையில் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு நின்றார்கள். மார்செல் ராசன் அண்ணையின் காதில் ஏதோ சொன்னார். பிறகு கண்களை மேலே சொருகி, கைகளை விரித்து, அத்தனை காலமும் யோசித்து வைத்திருந்த அந்த வீழ்ச்சியைச் சாய்நாற்காலிக்குள் விழுந்து காட்டினார். அறையே ஐயோ என்றது. ராசன் அண்ணை அவர் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஹெயிட்டியைச் சேர்ந்த பணிப்பெண் ஒருவர் மேசையில் அறைந்து எண்ணினார். ஒன்று. இரண்டு. ராசன் அண்ணை நாற்காலியின் முதுகில் தொங்கிய பட்டத்தைப் பார்த்தார். கீழே, கண்ணை இறுக மூடிக்கொண்டு தோல்விக்காகக் காத்திருந்த முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். மார்செல் ஒரு கண்ணைத் திறந்தார். ஒரு கணம் விளங்காமல் விழித்துவிட்டு, தோளை உதறிக்கொண்டு எழுந்தார். கிழவிகள் மேசைகளைத் தட்டினார்கள்.

திரும்பும்போது காரில் தலைப்பாகையை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்த புவனா அக்கா, “இவ்வளவு காலமா நித்திரையிலயும் கையைத் தூக்கினீங்கள். கைக்கு வந்ததை ஏன் விட்டனீங்கள்?” என்று கேட்டார்.

ராசன் அண்ணை சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: “எடுத்திருந்தால் இண்டையோட முடிஞ்சிருக்கும், புவனா. பேந்து அடுத்த கிழமை அவனிட்டை ஆர் வாறது?”

இந்தப் பட்டத்தின் வரலாறு எப்போது முடியும் என்று பதிப்பாளர் கேட்கும்போதெல்லாம், கடைசி ஆட்டம் வியாழக்கிழமைதோறும் இரண்டு வரை எண்ணப்பட்டு வருகிறது என்ற ஆய்வு முடிவையே நான் மிகுந்த பணிவோடு அறிவித்து வருகிறேன்.